தோலுக்கு மதிப்புத் தேடித் தந்த நாயுடம்மா

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போகும் பாதை மலைப்பாதை. இருபுறமும் காடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் அணி அணியாக வரும். பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் இளைஞர்கள் புறப்பட்டு, அஞ்செட்டியைத் தாண்டி ஒகேனக்கல் வரை போவார்கள். காலைக் குளிருக்கு அடக்கமாகச் சிலர் தோல் கோட்டு அணிந்திருப்பார்கள்.

பாதை ஓரத்தில் ஆவாரஞ்செடி மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், அந்தச் செடிக்கும் அந்தக் கோட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆவாரம் பட்டையில் ஊறித்தான் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தோல் பதமானது.

இன்னொரு அதிசயமும் உண்டு. புதுக் கோட்டைவிடப் பழைய கோட்டுக்கு விலை அதிகம்! எழுபது, எண்பது வருடங்களுக்கு முன் தைத்த கோட்டு, முழங்கை தேய்ந்தது, நிறம் வெளுத்தது. அதை வாங்க வெளிநாடுகளில் போட்டி போடுகிறார்கள். அது கிடைக்காதவர்கள், அதைப் போலவே இன்று தைத்த நகலை வாங்குகிறார்கள்.

பழைய தோலில் அப்படி என்ன இருக்கிறது? புதிய தோலில் அது ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய விஞ்ஞானி ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். தோலைத் தொட்டாலே தீட்டு என்று நினைத்த காலத்தில், தோலுக்காகவே தம் வாழ்நாளைக் கொடுத்தார். அவர்தான் டாக்டர் நாயுடம்மா.

விவசாயி வீட்டுப் பிள்ளை

பெயரைக் கேட்டுப் பெண் என்று எண்ணிவிட வேண்டாம். யலவர்த்தி நாயுடம்மா ஆண் மகன். ஆந்திர நாட்டில், அந்நாளைய குண்டூர் ஜில்லாவில், தெனாலிக்கு அருகில் உள்ள யலவர்ரு அவருடைய ஊர். 1922-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்.

நாயுடம்மா காசிக்குப் போனார். அங்குள்ள இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றார். ரசாயனம் படித்தவர்களுக்கு மருந்து, சாயம், சர்க்கரை என்று எத்தனையோ தொழில்கள் காத்திருந்தன. எல்லாம் கௌரவமான தொழில்கள். நாயுடம்மாவோ சென்னைக்கு வந்து, தோல் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். வெள்ளைக்காரர் காலத்தில், 1915-ம் ஆண்டில் தொடங்கிய பள்ளி அது.

தோல் பதனிடும் இடம் எப்படி இருக்கும்? வாசலுக்கு வரும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். சுண்ணாம்புத் தொட்டி, மயிர், கொழுப்பு, கழிவு நீர். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஊர் அவர்களைத் தள்ளி வைத்திருந்தது. அவர்கள் பதனிட்ட தோலில் செருப்புத் தைத்துப் போட்டுக்கொள்ளும். அவர்களை மட்டும் தொடாது.

படித்த இளைஞரான நாயுடம்மா அந்தத் தொட்டியின் ஓரத்தில் போய் நின்றார். தோலைக் கையால் எடுத்துப் பார்த்தார். வெட்கப்படவில்லை.

ஆவாரம் பட்டையின் வேலை

அன்று அவர் கண்ட பழைய முறை இதுதான்.

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் உப்புத் தடவி வந்து சேரும். அவற்றை நீரில் ஊறப்போடுவார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் போடுவார்கள். மயிர் கழன்றுவிடும். மரக்கட்டைமேல் விரித்து, வளைந்த கத்தியால் சதையையும் கொழுப்பையும் வழித்து எடுப்பார்கள். அதன் பிறகுதான் பட்டைக் குழி. இடித்த ஆவாரம் பட்டையை நீரில் போட்டு, அதில் தோலை ஊறவைப்பார்கள். கொன்றைப் பட்டையும் சேர்ப்பது உண்டு. சாறு இறங்க இறங்கப் புதுப் பட்டை போட வேண்டும். தோலைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் பூசி, நிழலில் உலர்த்துவார்கள். இதற்கு வாரக் கணக்கில் ஆகும். கனமான தோல் என்றால் இன்னும் அதிகம். ஐரோப்பாவிலே ஓக் மரத்துப் பட்டையில் கனத்த மாட்டுத் தோலை ஒரு வருடத்துக்கும் மேலாக ஊறவைத்தது உண்டு.

பட்டைச் சாறு தோலின் நாருக்குள் மெல்ல மெல்லப் புகுந்து, இடைவெளிகளை நிரப்பிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தோல் கெட்டியாகிறது; கனமாகிறது. அழுகாமல் நிற்கிறது. முதலில் முரடாகத்தான் இருக்கும். போட்டுப் போட்டுப் பழகினால் உடம்புக்கு ஏற்றபடி வளையும். வெயில் படப்பட நிறம் கறுக்கும். கை பட்ட இடம் மெருகேறும். பித்தளைச் சொம்பு புளி போட்டுத் துலக்கத் துலக்கப் பளபளப்பது போல, இந்தத் தோல் புழங்கப் புழங்க அழகு பெறும்.

பழைய கோட்டின் கவர்ச்சிக்கு முதற்காரணம் இது.

குரோம் வந்தது

19-ம் நூற்றாண்டில் மேல்நாட்டார் வேறு வழி கண்டார்கள். குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். 1884-ம் ஆண்டு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பட்டையில் வாரக் கணக்கில் ஆன வேலை, சுழலும் மரப் பீப்பாயில் ஒரு நாளிலே முடிந்தது!

குரோம் தோல் மெல்லியது, இலேசானது. எந்தச் சாயமும் ஏற்கும். கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. பட்டைத் தோலோ கொதிநீர் பட்டால் சுருண்டுவிடும். சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற என்ஜினீயர் 1903-ம் ஆண்டு வாக்கில் இந்த முறையைப் பரிசோதிக்கத் தொடங்கினார்.

ஆகவே, பழையது எல்லாம் உயர்வு, புதியது எல்லாம் மட்டம் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் தனித் தனிக் குணம் உண்டு. நாயுடம்மா இதை ஊன்றிப் படித்தார்.

பாதி வேலை, பாதிக் கூலி

சென்னைத் தோலுக்கு உலகமெங்கும் பெயர் இருந்தது. ஆனால், அந்தப் பெயரில் ஒரு குறையும் இருந்தது.

ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலைக் கிழக்கிந்தியத் தோல் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், சென்னைப் பெரியமேடு முதலான இடங்களிலிருந்து அது கப்பல் ஏறியது. லண்டனில் ஏலம் போனது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சுக்கு மேல்தோலாக உதவியது இதுதான். அதற்காக இந்தத் தோலை அரசாங்கமே வாங்கிக்கொண்டது.

ஆனால், இங்கிருந்து போனது பாதி முடிந்த தோல். சாயம் போடுவது, மெருகு ஏற்றுவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் அங்கே. லாபத்தில் பெரும் பகுதியும் அங்கே. துர்நாற்றமும் கழிவு நீரும் மட்டும் இங்கே! தொட்டியில் இறங்கி நின்றவனுக்குக் கிடைத்தது அரை வயிற்றுக் கூலி. நெல்லைக் குத்தி அரிசியாக்காமல் விற்றுவிட்டுப் பிறகு சோற்றை விலைக்கு வாங்குவது போன்ற வியாபாரம் இது.

இந்தக் குறையைத் தீர்ப்பதே நாயுடம்மாவின் வாழ்நாள் வேலை ஆயிற்று.

கடல் கடந்து கல்வி

நாயுடம்மா மேல்படிப்புக்காக முதலில் இங்கிலாந்து போனார். பிறகு அமெரிக்கா சென்றார். அங்கே லீஹை பல்கலைக்கழகத்தில் தோல் ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்த நாட்டில் தோல் கோட்டுக்கு எத்தனை மதிப்பு! கூரை இல்லாத ஆகாய விமானங்களில் பறந்த விமானிகள் குளிர்காற்றைத் தாங்கத் தோல் கோட்டு அணிந்தார்கள். 1928-ம் ஆண்டு நியூயார்க்கில் ஷாட் என்ற கம்பெனி மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு என்றே ஒரு கோட்டைத் தைத்தது. 1931-ம் ஆண்டு அமெரிக்க ராணுவம் தன் விமானிகளுக்கு ஏ-2 என்ற தோல் கோட்டை ஏற்றுக்கொண்டது. குதிரைத் தோல் அதற்குப் பெயர் பெற்றது. யுத்தம் முடிந்து விமானிகள் வீடு திரும்பியபோது, கோட்டும் கூடவே வந்தது. 1953-ம் ஆண்டு ஒரு படத்தில் மார்லன் பிராண்டோ என்ற நடிகர் கறுப்புத் தோல் கோட்டுடன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அதன் பிறகு, வாலிபர்களுக்கெல்லாம் அந்தக் கோட்டின்மேல் ஆசை பிறந்தது.

வேலைக்காரனின் உடை வீரனின் உடை ஆயிற்று. வீரனின் உடை நாகரிக உடை ஆயிற்று. ஆனால், அதற்கு ஆதாரமான தோலைப் பதனிடுகிறவன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான்.

நாயுடம்மா விரும்பியிருந்தால் வெளிநாட்டிலே தங்கியிருக்கலாம். அவர் சென்னைக்குத் திரும்பினார்.

கதவு திறந்தது

சுதந்திரம் வந்த மறு வருடம், 1948-ல், சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நாயுடம்மா அங்கே பணியாற்றினார். 1958-ம் ஆண்டு அதன் டைரக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது சுமார் 36.

அந்த நிலையத்தின் பெருமைக்கு ஒரு சம்பவம் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் என்ற பேராசிரியர், தோலுக்கும் எலும்புக்கும் வலுவைத் தரும் கொலாஜன் என்ற பொருளின் அமைப்பை ஆராய்ந்தார். அதற்குச் சுத்தமான நார் வேண்டும். தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது! ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ம் ஆண்டு தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பெண்கள் மூன்று கால் எடுத்துச் சடை பின்னுவது போல, கொலாஜனில் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன என்று உலகம் தெரிந்துகொண்டது.

இந்த இழைகளைக் கட்டிப் பிடிப்பதுதான் பதனிடுதல். ஆவாரம் பட்டையும் அதைத்தான் செய்கிறது. குரோமும் அதைத்தான் செய்கிறது. எழுத்தறியாத தொழிலாளி கைப்பழக்கத்தில் செய்துவந்த வேலைக்குள்ளே இவ்வளவு பெரிய விஞ்ஞானம் ஒளிந்திருந்தது.

நாயுடம்மா இதை நன்றாக உணர்ந்தவர். ஆராய்ச்சி நிலையம் என்றால் கண்ணாடிக் குழாயும் காகிதமும் மட்டும் அல்ல என்பது அவர் கொள்கை. நிலையத்துக்குள்ளேயே தோல் பதனிடும் கூடம் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி முதலாளிகள் தங்கள் தோலையும் குறையையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். விஞ்ஞானிகள் தொட்டிக்கு இறங்கினார்கள். தொழிலாளிகளுக்கும் பயிற்சி கிடைத்தது. கல்லூரி மாணவர்கள் தோலைக் கையால் எடுத்துப் படித்தார்கள். கான்பூர், கல்கத்தா, ஜலந்தர் முதலிய ஊர்களிலும் நிலையத்தின் கிளைகள் வேலை செய்தன.

சாதிப் பெயரால் தள்ளி வைத்த தொழில், பட்டம் வாங்கிப் படிக்கும் படிப்பாக மாறியது.

முழுத் தோல், முழு விலை

பாதித் தோலை ஏற்றுமதி செய்வதை நிறுத்தினால் நாடு பிழைக்குமா? வியாபாரிகளுக்குப் பயம் இருந்தது. சாயமும் மெருகும் இங்கே முடியுமா என்று சந்தேகம் இருந்தது. முடியும் என்று காட்டியதில் சென்னை நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1972-ம் ஆண்டு சீதாராமையா கமிட்டி தன் யோசனையைச் சொன்னது. 1973 முதல், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் அளவு விதித்தது. முழுதாக முடித்த தோலுக்கும், தோல் பொருளுக்கும் ஊக்கம் தந்தது. தோல் தொழிற்சாலைகளின் போக்கே மாறியது. செருப்பும் பூட்சும் கைப்பையும் இங்கேயே உருவாயின. பிறகு தோல் கோட்டும் வந்தது. சென்னையில் தைத்த கோட்டு ஐரோப்பாக் கடைகளில் தொங்கியது.

ஆட்டுத் தோலில் ஒரு கோட்டுத் தைக்க ஆறு, ஏழு தோலாவது வேண்டும். எல்லாம் ஒரே நிறமாக, ஒரே கனமாக இருக்க வேண்டும். வெட்டுகிறவருக்குக் கண் வேண்டும். தைக்கிறவருக்குக் கை வேண்டும். துணியில் தவறினால் பிரித்துத் தைக்கலாம், தோலில் ஊசி பட்ட துளை மறையாது. இத்தனை பேருக்கும் வேலை கிடைத்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள்.

டில்லியும் கிராமமும்

நாயுடம்மாவுக்கு 1971-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே வருடம், இந்தியாவின் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையங்களுக்கெல்லாம் தலைமையான கவுன்சிலின் டைரக்டர் ஜெனரல் ஆனார். 1977 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

டில்லிக்குப் போனாலும் அவர் பார்வை கிராமத்தை விட்டு விலகவில்லை. ஆந்திராவில் கரீம்நகர் ஜில்லாவை எடுத்துக்கொண்டு, விஞ்ஞானிகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அங்குள்ள மண், நீர், கைத்தொழில் ஆகியவற்றுக்கு எந்த விஞ்ஞானம் உதவும் என்று பார்க்கச் செய்தார். 1981-82-ல் டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்.

கடலில் முடிந்த பயணம்

கனடா நாட்டில், ஏழை நாடுகளின் ஆராய்ச்சிக்கு உதவும் ஒரு சர்வதேச நிலையம் இருக்கிறது. அதன் நிர்வாகக் குழுவில் நாயுடம்மாவும் ஒருவர். அந்த வேலையாகப் போனவர் 1985-ம் ஆண்டு ஜூன் மாதம் ஊருக்குப் புறப்பட்டார். ஏறியது கனிஷ்கா என்ற ஏர் இந்தியா விமானம்.

ஜூன் 23-ந் தேதி அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால், வானத்திலேயே குண்டு வெடித்து விமானம் சிதறியது. அதில் இருந்த 329 பேரும் மாண்டார்கள். குழந்தைகளும் ஏராளம். நாயுடம்மாவுக்கு அப்போது வயது 62. பாதி வேலையை முழு வேலையாக்கப் பாடுபட்டவரின் பயணம் பாதியிலேயே முடிந்தது.

வளர்ச்சியின் விலை

அவர் போன பிறகு தோல் தொழில் மேலும் வளர்ந்தது. கூடவே ஒரு கேடும் வளர்ந்தது. தொழிற்சாலைக் கழிவில் இருந்த உப்பும் குரோமும் பாலாற்றங்கரை மண்ணைக் கெடுத்தன. கிணற்று நீர் குடிக்க ஆகாததாயிற்று. வேலூர் மக்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு அளித்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் தொழில் நடத்தக் கூடாது என்று கட்டளை இட்டது.

குரோமின் வேகத்துக்கு ஊர் கொடுத்த விலை இது. இந்தக் குறைக்கு மருந்து தேடும் பொறுப்பும் அடையாறு நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. குரோமைக் குறைக்கும் வழிகளையும், கழிவைச் சுத்தம் செய்யும் வழிகளையும் அங்குள்ள விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். பட்டையில் பதனிடும் முறைக்கும் மறுபடி மதிப்பு வந்தது.

பழையதும் புதியதும்

இப்போது அஞ்செட்டிப் பாதைக்குத் திரும்பலாம்.

பழைய கோட்டுக்கு ஏன் மதிப்பு? பழைய கோட்டுகள் எல்லாம் பட்டையில் பதனிட்டவை அல்ல. குரோம் கோட்டுகளும் உண்டு. ஆனால், நல்ல கோட்டுகளில் கனத்த தோல் போட்டார்கள். மேல்தோலைச் சீவி எடுக்கவில்லை. வண்ணத்தைக் கெட்டியாகப் பூசி மறைக்கவில்லை. முள் கீறிய தழும்புகூடத் தெரியும். சிலவற்றில் மேலே கறுப்பு, உள்ளே பழுப்பு. தேயத் தேயப் பழுப்பு எட்டிப் பார்க்கும். மோட்டார் வந்து குதிரை குறைந்ததால், அந்தக் காலத்துக் குதிரைத் தோலும் அரிதாகிவிட்டது.

நகலிலும் இரண்டு வகை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சிலர் பழைய கோட்டைப் பிரித்து அளவெடுத்து, பட்டையில் பதனிட்ட தோலில் பொறுமையாகத் தைக்கிறார்கள். அது முதல் நாள் முரடாகத்தான் இருக்கும். பத்து வருடம் போட்டால் அதுவும் பழைய கோட்டு ஆகிவிடும். இன்னொரு வகை, மெல்லிய தோலில் வண்ணம் பூசி, உரசித் தேய்த்து, பழையது போல் வேஷம் போட்டது. தேய்வு இருக்கும், தேய்த்த வாழ்க்கை இருக்காது. சில வருடங்களில் வண்ணம் செதில் செதிலாக உரியும்.

வாங்குகிறவர்கள் கவனிக்கலாம். தோலை விரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறைய வேண்டும். நுண்துளைகள் ஒரே அச்சாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் நார் தெரிந்தால் தோல். துணி தெரிந்தால் ரெக்ஸின்.

நாயுடம்மா பழமையைக் கும்பிட்டவர் அல்ல. புதுமையைக் கண்டு மயங்கியவரும் அல்ல. பழைய கைப்பழக்கத்துக்குள் இருந்த அறிவை மதித்தார். புதிய விஞ்ஞானத்தைத் தொழிலாளியின் தொட்டிக்கே கொண்டுபோனார். ஒரு தோலின் தரம் அதன் வயதில் இல்லை. அதைப் பதனிட்டவரின் அறிவிலும் பொறுமையிலும் இருக்கிறது. அந்தத் தொழிலாளிக்கு உரிய மதிப்பும் கூலியும் சேர வேண்டும் என்பதற்காகவே நாயுடம்மா உழைத்தார்.

மலை ஏறும் மோட்டார் சைக்கிளில் தோல் கோட்டு மின்னுகிறது. பாதை ஓரத்தில் ஆவாரம்பூ அசைகிறது. அடுத்த முறை அந்த வழியே போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, அந்தச் செடியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம்.